நாற்பது நிமிடம், நிற்காமல்

மின்கட்டண உறையின் பின்பக்கம்
குணாளன் போட்ட கணக்கு
இன்னும் என்னிடம் இருக்கிறது.
லிட்டருக்கு இவ்வளவு மிச்சம்,
லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்,
பழைய வண்டி, உரிமச் சான்றிதழில் மீதி ஆறாண்டு,
அதால் வகுத்து
கடைசியில் இரட்டைக் கோடு.
கோட்டுக்குக் கீழே: டீசல்.
வரிக்கான வரியை மட்டும்
பென்சிலில் எழுதியிருந்தான்.

எங்கள் வாழ்க்கையின் நீளம்
அந்த உறையில் இல்லை.
யீஷூன் வீட்டிலிருந்து அகல்யாவின் பள்ளி, ஏழு நிமிடம்.
பள்ளியிலிருந்து ஈரச்சந்தை, நான்கு.
செம்பவாங்கில் அவன் அக்கா வீடு,
தீபாவளி நெரிசலிலும் பன்னிரண்டு.
இயந்திரம் சூடேறுமுன் அணைத்துவிடுவோம்,
பந்தியில் உட்கார்ந்தவனை
இலை போட்டதும் எழுப்பிவிடுவதுபோல.

ஐந்தாம் மாதம் அந்த விளக்கு.
மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி, உள்ளே புள்ளிகள்.
பெட்டிக்குள்ள எறும்பும்மா, என்றாள் அகல்யா.

சின் மிங் பட்டறையில் தியோ
கையைத் துணியில் துடைத்தபடி
மலாயும் ஆங்கிலமுமாகச் சொன்னதை
நான் இப்படிப் புரிந்துகொண்டேன்:
வண்டிமேல் தப்பில்லை.
இது தூரம் கேட்கிற ரகம்,
நம் தீவில் தூரம் கிடைக்காது.
வடிகட்டியில் கரி அடைத்துக் கிடக்கிறது.
வாரம் ஒருமுறை நாற்பது நிமிடம்
எண்பதுக்குக் குறையாமல், நிற்காமல் ஓட்டுங்கள்.
எங்கே போக? என்றேன்.
எங்கேயும் வேண்டாம், போனால் போதும்.
காசு வாங்கிக்கொள்ளவில்லை அவர்.
அதுதான் பயமாக இருந்தது.

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமை இரவுகள்.
தீவு விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் போய்
சாங்கிப் பக்கம் திரும்பி
நாட்டின் இரண்டு ஓரத்தையும் தொட்டுவிட்டு
அதே புளோக், அதே கட்டத்தில் நிறுத்துவோம்.
காசை மிச்சம் பிடிக்க வாங்கிய இயந்திரத்தைக் காப்பாற்ற
மிச்சம் பிடித்த எண்ணெயை எரிக்கிறோம், என்றேன் ஒருநாள்.
குணாளன் கண்ணாடியைப் பார்த்துத் தடம் மாறினான்.
ஆனால் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்பதை
துவாஸ் திருப்பத்தில்தான் சொன்னான்.
வீட்டில் சொல்லியிருக்க மாட்டான்.
வீட்டில் எப்போதும் ஏதாவது அடுப்பில் இருக்கும்.

இன்னொரு சனிக்கிழமை
ஜூரோங் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி.
பின்தட்டில் பன்னிரண்டு பேர், முழங்கால் மடக்கி.
ஒருவன் தலை அடுத்தவன் தோளில்
குலுங்கிக் குலுங்கித் தூங்கியது.
ஒருவன் கைப்பேசித் திரையைப் பார்த்துத் தலையாட்டினான்,
சாப்டியா என்று கேட்டிருப்பார்கள்.
அதுவும் டீசல்தான்.
பொருந்துமா பொருந்தாதா என்று
அதை எந்த உறையிலும் யாரும் எழுதிப் பார்த்ததில்லை.
கொஞ்சம் மெதுவாப் போ, என்றேன்,
ஏனென்று எனக்கே தெரியாது.
முடியாது, விளக்கு இன்னும் எரியுது.
கடந்தோம்.
ஒரு வாரக் கரியின் சூட்டை
அவர்கள் வரும் வழியில் விட்டுவிட்டு.
காலாங் அருகே விளக்கு அணைந்தது.
குணாளன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தான்,
பந்தயக் குதிரையின் கழுத்தைப்போல.
நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.
நிறைய முகப்பு விளக்குகள்.
எது அந்த லாரியுடையது என்று தெரியவில்லை.

மார்ச்சில் சான்றிதழ் முடிகிறது.
நீட்டிக்கலாமா என்று மறுபடி ஓர் உறை,
மறுபடி இரட்டைக் கோட்டுக்கு மேலே எண்கள்.
இந்த முறை வரியைப் பேனாவில் எழுதியிருக்கிறான்.
அதன்கீழ் நானும் ஒன்று எழுதினேன்:
பள்ளி வாசலிலேயே பேருந்து நிற்கிறது.
ஒன்பது நிமிடம்.

படித்தான்.
அது எதுல ஓடுது, டீசலா?
தெரியல, என்றேன்.
திங்கட்கிழமை ஏறும்போது
சத்தத்தை வைத்துச் சொல்றேன்.